பெட்டியைப் பழிக்குமுன் வடத்தைப் பாருங்கள்

சென்ற மாதம் வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் முன்னொரு காலத்தில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். கடலுக்குச் செல்லும் படகுகளுடன் பேசுவதற்கென அச்சங்கம் ஒரு வானொலிப் பெட்டியை வைத்திருக்கிறது. அலுவலகத்தின் பின்புறம் உயர்ந்த கம்பம் ஒன்று; அதன் உச்சியில் ஏரியல்; அங்கிருந்து பெட்டிவரை 30 மீற்றர் நீளமான கறுப்புக் கேபிள். கரையில் இருப்போருக்கும் கடலில் இருப்போருக்கும் இடையே உள்ள ஒரே உறவு அதுதான்.

அந்த உறவு சில மாதங்களாகவே தளர்ந்து வந்திருக்கிறது. படகுகள் ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொள்ளும். ஆனால் தூரத்துப் படகின் குரல் கரைக்கு எட்டுவதில்லை. ஓரிரவு, ஆழ்கடலில் நின்ற படகொன்றில் தொழிலாளி ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டது. தோழர்கள் கரையை அழைத்தனர், பலமுறை அழைத்தனர். கரையில் விழித்திருந்தவருக்குக் கேட்டது வெறும் இரைச்சல் மாத்திரமே. நல்வினைப் பயனாக, இடையிலே வலை விரித்து நின்ற வேறொரு படகினர் அந்தக் குரலைக் கேட்டு, செய்தியைக் கரைக்குக் கைமாற்றினர். விடியுமுன் நோயாளி வைத்தியசாலையில் இருந்தார், பிழைத்தும் கொண்டார். இடையிலே அந்தப் படகு நில்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் வாய்விட்டுக் கூறவில்லை.

“பெட்டியை ரெண்டு தரம் மாத்திப் போட்டம், சேர். இப்ப மூண்டாவது பெட்டி வாங்க எல்லாரிட்டையும் காசு சேர்க்கிறம்” என்றார் செயலாளர்.

“கேபிளை எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சற்றே விழித்தார். “கேபிளோ? அது கம்பிதானே, சேர்!”

நமது வீடுகளிலும் இதே விடையைத்தான் கேட்கின்றோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பெருந்தொகை கொடுப்போம்; கூரையிலே விலையுயர்ந்த ஏரியலையோ டிஷ்ஷையோ பூட்டுவோம்; இரண்டையும் இணைக்கும் கேபிளை மாத்திரம் கடையில் உள்ளவற்றுள் மலிவானதாகக் கேட்டு வாங்குவோம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதை இது. ஆகவே இவ்வாரம் அந்தக் கறுப்புக் கேபிளைப் பற்றியே பேசுவோம்.

வாழைத்தண்டு போன்ற வடம்

வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்கள் அதன் நடுவே வெண்குருத்தும், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பட்டைகளும் இருப்பதை அறிவர். கோஅக்சியல் கேபிள் எனப்படும் ஓரச்சு வடமும் அவ்வாறே அமைந்தது. நடுவிலே ஒரு செப்புக் கம்பி. அதனைச் சுற்றி வெண்ணிறப் பொலித்தீன் காவலி. காவலியின் மேல் செப்பு இழைகளால் ஆன பின்னல். யாவற்றுக்கும் மேலாக மழையையும் வெயிலையும் தாங்கும் பிளாஸ்ரிக் உறை. நடுக்கம்பியும் பின்னலும் ஒரே அச்சைச் சுற்றி அமைந்திருத்தலால் ஓரச்சு வடம் என்று பெயர்.

சாதாரண மின்கம்பி இரண்டைச் சேர்த்து முறுக்கினால் ஆகாதா என்று மாணவர்கள் வினவலாம். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை மாத்திரமே அலைகின்றது. அதன் அலைநீளம் 6000 கிலோமீற்றர். வீட்டிலுள்ள சில மீற்றர்க் கம்பி அதன்முன் ஒரு புள்ளிக்குச் சமானம். ஆனால் கடலில் அபாய அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட 16ஆம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகாஹேட்ஸ், அதாவது செக்கனுக்குப் பதினைந்து கோடியே அறுபத்தெட்டு இலட்சம் முறை. இதன் அலைநீளம் இரண்டு மீற்றருக்கும் சற்றே குறைவு. இத்தகைய அலைக்குச் சாதாரணக் கம்பியைப் பாதையாகக் கொடுத்தால், அக்கம்பியே ஓர் ஏரியலாக மாறி, வழி நெடுகிலும் சக்தியை வெளியே கசியவிடும். வெளியிலுள்ள வேண்டாத இரைச்சலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஓரச்சு வடத்திலே இது நேர்வதில்லை. அங்கே அலை செம்பின் உள்ளே ஓடுவதாக எண்ணிவிடாதீர்கள். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையேயுள்ள வெண்ணிறக் காவலியின் ஊடாகவே அது பாய்கின்றது. வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பு இரண்டும் இருபுறத்து வரப்புகள், காவலி வாய்க்கால், அலை அதிலோடும் நீர். வரப்பு உறுதியாக இருக்குமட்டும் நீர் வெளியே சிந்தாது. அயல் வயலின் நீரும் உள்ளே வராது.

இந்த எண்ணம் புதியதன்று. ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேய மேதை 1880ஆம் ஆண்டிலேயே இத்தகைய வடத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்காவில் லொயிட் எஸ்பென்ஷீட், ஹேர்மன் அஃபெல் என்னும் இருவர் 1929இல் விண்ணப்பித்து, பல குரல்களை ஒரே வேளையில் கொண்டு செல்லும் வடத்துக்கு 1931இல் உரிமை பெற்றனர். 1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் ஸ்கொத்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே தொடங்கிவைக்கப்பட்ட முதலாவது தொலைபேசி இணைப்பும் ஓரச்சு வடமே. தொடக்கத்தில் 36 அலைவரிசைகளை அது ஒரே வேளையில் தாங்கியது. 1978 வரை உழைத்தது. இன்று கடலடிப் பணியைக் கண்ணாடி இழை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் ஏரியலிலிருந்து பெட்டிவரை உள்ள சிறு தூரத்துக்கு ஓரச்சு வடமே இன்றும் துணை.

ஐம்பதா, எழுபத்தைந்தா?

கடைக்குச் சென்று கேபிள் கேட்டால், “50 ஓமா, 75 ஓமா?” என்பார் விஷயமறிந்த கடைக்காரர். இந்த எண் எதனைக் குறிக்கின்றது? மாணவர் ஒருவர் ஓம்மானியை எடுத்து வடத்தின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் 50உம் தோன்றாது, 75உம் தோன்றாது. ஏனெனில் இது கம்பியின் தடை அன்று. வடத்தினூடே பாயும் அலை தன் வழியிலே காணும் தடங்கல். இம்பீடன்ஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல்லைப் படைத்தவரும் மேலே கூறிய ஹெவிசைட் அவர்களே.

வாய்க்காலின் அகலமும் ஆழமும் நீரோட்டத்தை நிர்ணயிப்பது போல, நடுக்கம்பியின் பருமனுக்கும் பின்னலின் உள் விட்டத்துக்கும் உள்ள விகிதமே தடங்கலை நிர்ணயிக்கின்றது. கட்டிப் பொலித்தீன் காவலியுள்ள வடத்தில், பின்னலின் விட்டம் நடுக்கம்பியைப் போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கானால் 50 ஓம். ஆறரை மடங்கானால் 75 ஓம். வடத்தின் நீளம் ஒரு மீற்றராயினும் நூறு மீற்றராயினும் இந்த எண் மாறாது.

இவ்விரு எண்கள் மாத்திரம் வழக்கில் நிலைத்ததற்கும் காரணம் உண்டு. காற்றைக் காவலியாகக் கொண்ட வடத்தில் அலையின் இழப்பு மிகக் குறைவாக இருப்பது 77 ஓம் அளவில். மிகுந்த சக்தியைத் தாங்குவது 30 ஓம் அளவில். செய்தியைப் பெறுவதோடு அனுப்பவும் செய்யும் பெட்டிகளுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசமாக 50 ஓம் அமைந்தது. பெறுவதை மாத்திரம் செய்யும் தொலைக்காட்சிக்கு, இழப்புக் குறைந்த 75 ஓம் உகந்ததாயிற்று.

இவற்றை மாற்றிப் பூட்டினால் என்ன? அகன்ற வாய்க்கால் திடீரென ஒடுங்குமிடத்தில் நீர் மோதித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தடங்கல் மாறுமிடத்தில் அலையும் அவ்வாறே தெறித்துத் திரும்பும். 50 ஓம் வடத்தை 75 ஓம் கருவியோடு இணைத்தால், அவ்விணைப்பிலே நூற்றுக்கு 4 பங்கு சக்தி திரும்பிவிடும். இதனை மாபெரும் நட்டம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கூரை ஏரியலில் படம் பார்க்கும் வீடுகளில், ஒருவரின் பக்கத்திலேயே அவரது நிழலுரு ஒன்று நிற்பதற்கு இத்தகைய தெறிப்பும் ஒரு காரணமாகலாம். அனுப்பும் பெட்டியாயின், தெறிப்பு மிகுமிடத்து பெட்டியே சூடேறிக் கெடவும் கூடும். ஆதலால் பெட்டியின் பின்புறத்தில் எழுதியுள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள வடத்தை வாங்குவதே நேர்வழி.

கடைமடைக்கு எவ்வளவு நீர் வரும்?

தடங்கல் பொருந்திவிட்டாலே போதும் என்பதில்லை. வாய்க்காலில் விட்ட நீர் முழுவதும் கடைமடைக்கு வந்து சேர்வதுண்டா? வடத்திலும் வழியிலே இழப்பு உண்டு. அதனை டெசிபெல் என்னும் அளவால் கூறுவர். 3 டெசிபெல் இழந்தால் மிஞ்சுவது பாதி. 6 இழந்தால் கால். 10 இழந்தால் பத்திலொரு பங்கு. இந்த மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டால் எந்த வடத்தின் தகுதியையும் கணக்கிட்டுவிடலாம்.

சங்கத்தின் வடத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஆர்ஜி-58 என்னும் இனம், 5 மில்லிமீற்றர் பருமன், 50 ஓம். எண் பொருத்தமானதே. ஆனால் கடல் வானொலியின் மீடிறனில் இவ்வினம் 100 மீற்றருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழக்கும். சங்கத்தின் 30 மீற்றருக்கு 6 டெசிபெல். பெட்டி 25 வாற்று சக்தியைக் கொடுத்தால், புதிய வடமாயினும் ஏரியலைச் சேர்வது 6 வாற்று அளவே! இதற்குப் பதிலாக, 10 மில்லிமீற்றர் பருமனுள்ள ஆர்ஜி-213 இனத்தை இட்டால் இழப்பு இரண்டரை டெசிபெல் அளவு. ஏரியலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 14 வாற்று. பெட்டியும் அதுவே, ஏரியலும் அதுவே. வடத்தை மாற்றிய மாத்திரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆதாயம். கடலிலிருந்து வரும் மெல்லிய குரலுக்கும் இதே கணக்குத்தான்.

மீடிறன் கூடக் கூட இழப்பும் கூடும். காரணம் இதுவே: 50 முறை அலையும் வீட்டு மின்சாரம் செம்பிலே ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் ஆழம்வரை இறங்கி ஓடும். கடல் வானொலியின் அலையோ செம்பின் மேற்பரப்பிலே, ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு செல்லும். வரப்பின் மேல் தோலே அதற்குப் பயன்படுகிறது. பருத்த வடத்தில் அந்த மேற்பரப்பு அகன்றிருத்தலால் இழப்புக் குறைகின்றது.

இதனோடு இன்னொரு புதிரும் விடுபடும். டிஷ்ஷுக்குப் பயன்படும் ஆர்ஜி-6 வடத்தின் நடுக்கம்பியைக் காந்தத்தில் வைத்தால் சில வேளைகளில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினக்க வேண்டாம். உருக்குக் கம்பியின் மேல் செப்புப் பூச்சிட்டது அது. அலைக்கு மேற்பரப்பே போதுமாகையால் படத்துக்குக் குறைவில்லை. ஆனால் டிஷ்ஷின் முகப்பிலுள்ள கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பி வழியாகவே மேலே செல்கின்றது. அந்த மின்சாரம் நேரோட்டமாகையால் கம்பி முழுவதிலும் ஓடும். உருக்கின் தடை அதற்கு இடையூறு. வடம் மிக நீளமாயின் முழுச் செப்புக் கம்பியுள்ளதைக் கேட்டு வாங்குதல் நன்று.

எதற்கு எது?

டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு வரும் அலை 950 முதல் 2150 மெகாஹேட்ஸ் வரை செல்வது. இதற்கு 75 ஓம் ஆர்ஜி-6 தகும். கூரை ஏரியலுக்கும் அதுவே நல்லது. அதனிலும் மெலிந்த ஆர்ஜி-59, குறுகிய தூரத்துக்கும் தாழ்ந்த மீடிறனுக்கும் மாத்திரமே ஏற்றது. பின்னலுக்கு அடியில் அலுமினியத் தாளும் சுற்றியிருக்கின்றதா என்று பாருங்கள். பின்னல் நெருக்கமாக இருக்கின்றதா என்றும் பாருங்கள். இழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அது ஓட்டை வரப்பு.

பேசும் வானொலிக்கு 50 ஓம். வாகனத்திலோ சிறு வள்ளத்திலோ சில மீற்றர் தூரமாயின் ஆர்ஜி-58 போதும். உயர்ந்த கம்பத்துக்கு ஆர்ஜி-213 போன்ற பருத்த வடம் வேண்டும். தேவைக்கு மேல் நீளமாக வாங்கிச் சுருட்டி வைப்பதும் ஆகாது. சுருளிலும் அலை நடந்துதான் வரவேண்டும்.

படம் மங்கலாயின் உடனே பூஸ்ரர் வாங்குவோர் பலர். அதனைப் பெட்டியின் அருகே பூட்டுவதால் பெரும்பயன் இல்லை. வழியிலே மெலிந்து, இரைச்சலோடு கலந்து வந்த அலையை அது இரைச்சலோடு சேர்த்தே பெருக்கும். பூட்டுவதாயின் ஏரியலின் அருகே, அலை மெலியுமுன் பூட்ட வேண்டும்.

நீரே பகை

நிற்க. சங்கத்தின் வடத்துக்குத் திரும்புவோம். கம்பத்தில் ஏறிய இளைஞர் ஒருவர் உச்சியிலிருந்த இணைப்பைக் கழற்றிக் கீழே விட்டார். முனையை நான் கவிழ்த்துப் பிடித்தபோது சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. உறையைக் கீறிப் பார்த்தோம். செந்நிறமாக மின்ன வேண்டிய பின்னல் கறுத்தும் பச்சை பூத்தும் பொடியாய் உதிர்ந்தது. நடுவழியில் இரண்டு துண்டுகளை வெறுமனே முறுக்கி, ரேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அங்கும் அதே கோலம்.

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, பின்னல் ஒரு துளி நீரைக் கண்டாலும் மீற்றர் கணக்கில் உள்ளிழுத்துக்கொள்ளும். பொலித்தீனின் மின் இயல்பு வேறு, நீரின் இயல்பு வேறு. நீர் புகுந்த இடத்தில் வாய்க்காலின் உருவமே மாறிவிடுகின்றது, தடங்கல் குலைகின்றது, இழப்புப் பன்மடங்காகின்றது. உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் செம்பும் அரிக்கப்படுகின்றது. அந்த இரவிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரின் செய்தி கடலைக் கடந்து, காற்றைக் கடந்து, கம்பத்தின் உச்சிவரை வந்து சேர்ந்திருக்கும். கடைசி 30 மீற்றரிலேதான் அது மாண்டுபோயிற்று.

ஆகவே இணைப்பை மழை புகாதபடி, தானே ஒட்டி இறுகும் றப்பர் நாடாவால் நன்கு சுற்றுங்கள். வடம் வீட்டினுள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வடத்தின் பருமனைப் போல் பத்து மடங்குக்குக் குறைந்த வளைவில் அதனை மடிக்கவோ, ஆணியடித்து நசுக்கவோ வேண்டாம். நசுங்கிய இடம் ஒடுங்கிய வாய்க்கால். வழியிலே ஒட்டுப் போடாதீர்கள். தவிர்க்க முடியாதாயின் அதற்குரிய இணைப்பானைப் பாவியுங்கள்.

மாணவர்கள் ஓம்மானி கொண்டு செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வடத்தின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே அளந்து பாருங்கள். மானி எதையும் காட்டாதிருக்க வேண்டும். ஏதேனும் தடை காட்டினால் உள்ளே ஈரமோ தொடுகையோ உண்டு. பின்னர் மறுமுனையில் இரண்டையும் தொடுத்துவிட்டு அளந்தால் ஓரிரு ஓமே காட்ட வேண்டும். பெருந்தடை காட்டினால் எங்கோ அறுந்திருக்கின்றது. இச்சோதனையில் தேறிய வடமெல்லாம் நல்ல வடம் என்பதற்கில்லை. தேறாதது நிச்சயமாகக் கெட்ட வடம். தொலைக்காட்சியின் வடமாயினும் வானொலியின் வடமாயினும், கருவியை அணைத்துவிட்டே கழற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள். இடி மின்னல் வேளையில் அருகேயும் செல்லாதீர்கள்.

மூன்றாவது பெட்டிக்கெனச் சேர்த்த பணத்திலே ஒரு பகுதியைக் கொண்டு பருத்த வடமும் நல்ல இணைப்பான்களும் வாங்கப்பட்டன. மிஞ்சிய பணம் உறுப்பினருக்கே திரும்பியது. பழுதென்று மூலையில் ஒதுக்கியிருந்த முதலாவது பெட்டியையே மீண்டும் எடுத்துப் பூட்டினோம். மாலையானதும் கடலிலிருந்து ஒரு குரல், பக்கத்து அறையில் நின்று பேசுவது போல் ஒலித்தது. அன்றிரவு நோயுற்றவரின் படகுதான் அது. அலுவலகத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்; சிறிது நேரம் எவரும் மறுமொழி கூறவும் மறந்து நின்றனர்.

பழைய வடத்தின் ஒரு சாண் துண்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். இப்பொழுது என் மேசையிலே கிடக்கின்றது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, பட்டை பட்டையாக உரித்துப் பார்க்கச் சொல்கிறேன். நீங்களும் கழித்து எறியும் கேபிள் துண்டொன்று கிடைத்தால் உரித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் எதனைக் கேட்க வேண்டும் என்பதை அந்தத் துண்டே உங்களுக்குக் கற்றுத் தரும்.